உள்மடிப்பு விட்ட பில்லர்

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் செஞ்சி ஆட்டோக்காரர்கள் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "தொப்பை பில்லர் வூடா? ஏறு" என்பார்கள். பார்சல் கொண்டு வருகிறவர்கள்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். சரிவில் பாறைமேல் பில்லர் போட்டு நிற்கிற வீடு அது. சாலையைப் பார்த்த மூலையில் ஆளை விட உயரமாக ஒரு பில்லர் இருக்கும். அடியில் ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி உயரம் வந்ததும் திடீரென்று உப்பி, உப்பின இடத்தில் கயிறு அழுந்தின தடத்தோடு, அரணாக் கயிறு கட்டின குழந்தை மாதிரி நிற்கும். அதற்கு மேலே மறுபடியும் ஒழுங்காகிவிடும்.

அந்தப் பில்லரைத் தைத்தது என் அம்மா. பில்லரை எப்படித் தைப்பது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதைப் பல வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனவர் என் நைனா. அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் மிஷின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை, ஜாக்கெட், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிபார்ம். அனந்தபுரம், வல்லம் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். வருகிற தாய்மார்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "வளர்ற புள்ளை அக்கா, உள்ள கொஞ்சம் துணி வுட்டுத் தையி."

அம்மா அப்படியே செய்வாள். விளிம்பில் கெட்டித் தையல் போட்ட பிறகு, மிச்சத் துணியை உள்ளே மடித்து, லேசான ஓட்டுத் தையலில் நிறுத்தி வைப்பாள். அடுத்த ஜூனில் அந்த ஓட்டுத் தையலைப் பிரித்துவிட்டால் போதும், சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும். உள்மடிப்பு என்பாள் அதை. மிச்சம் வந்த துணியை வெட்டி எறிய அவளுக்கு மனசே வராது. நான் வளர்வதை நிறுத்தி ரொம்ப நாள் ஆன பிறகும் என் காலேஜ் சுடிதார்களில் உள்மடிப்பு இருந்தது.

நைனாவுக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் இரும்புத் தகடும் பலகையும் அடைத்து, சவுக்கு முட்டுக் கொடுத்து, பெட்டி கட்டித் தருகிற வேலை. கோணல் என்றால் அவருக்கு ஆகாது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நான் பரீட்சைக்குக் கிளம்பும்போது ஆசீர்வாதம் செய்வதற்குப் பதிலாக என் பொட்டை நேராக்கி அனுப்பினவர். தகடு பிரிக்கிற நாளில் பில்லரை உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவுவார். வழவழவென்று இருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு பக்கோடாப் பொட்டலம் வரும்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில்தான் அந்த மனை வந்து விழுந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பங்கு. ஊர் ஓரத்தில், சரிவில், உருண்டை உருண்டையாகப் பாறை. செஞ்சியில் பாறைக்கா பஞ்சம். மாமன்கள் நல்ல மண்ணைத் தாங்கள் வைத்துக்கொண்டு கல்லைத் தங்கச்சிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நைனாவுக்கு வயிற்றெரிச்சல். அதை விற்றுவிட்டு வல்லம் ரோட்டில் சமதரையாக ஒரு மனை வாங்க வேண்டும், நாலு மூலையும் நச்சென்று வருகிற மாதிரி ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அம்மா முடியாது என்றுவிட்டாள். அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் ஊர்க் கூரைகள் எல்லாம் கீழே தெரியும். எதிரே கோட்டை மலை. காற்று புடவையைப் பிடுங்கிக்கொண்டு போகும். "இத்தினி வருசம் படிக்குக் கீழ குனிஞ்சே தச்சிட்டேன். ஒரு ஜன்னல் கிட்ட நிமிந்து ஒக்காந்து தைக்கணும். அவ்வளவுதான்" என்றாள். அவள் எதையும் பிடிவாதமாகக் கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நைனா கடைசியில் இறங்கி வந்தார், முழுசாக அல்ல. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. "கட்டலாம். ஆனா அது ஒங்கம்மா வூடு. என் வூடு இல்ல. ஞாபகம் வெச்சிக்கோ."

அம்மா அன்றைக்குச் சிரித்தாள். "கட்டி முடியட்டும், எங்க வூடுன்னு அவரு வாயாலயே சொல்லுவாரு பாரு." சிரித்தாளே தவிர, அந்த வார்த்தை அவளைக் குத்திவிட்டது. வீடு முழுக்கத் தன் பங்கில் நிற்கும்போது அதில் கட்டின புருஷன் விருந்தாளி மாதிரி இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சுகப்படும். ஜன்னலுக்கு அடுத்தபடியாக அவள் அந்த வீட்டிடம் எதிர்பார்த்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

முதல் பில்லருக்கு நைனா தன் தகட்டைத்தான் அடைத்தார். பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கி, கூடு கட்டி, சுற்றித் தகடு வைத்தாயிற்று. தகட்டின் அடி நேர்கோடு. பாறையோ பூசணிக்காய் முதுகு. நடுவில் கை நுழைகிற சந்து. கோணியைத் திணித்தார்கள், களிமண்ணை அப்பினார்கள். கான்கிரீட்டை ஊற்றினதும் சிமெண்ட் பால் எல்லாம் அந்தச் சந்து வழியாக ஒழுகி, சரிவில் இறங்கி, கீழ்வீட்டு மல்லிச் செடிக்குப் போய்ப் பாய்ந்துவிட்டது. அந்த வீட்டு அத்தை முறத்தோடு வெளியே வந்து கத்தின கத்து கோட்டை உச்சிக்குக் கேட்டிருக்கும்.

தகடு பிரித்தபோது அடியில் வெறும் ஜல்லிதான் பல்லை இளித்தது. நைனா உள்ளங்கையால் தடவவில்லை. சம்மட்டியை எடுத்து, தானே உடைத்துத் தள்ளிவிட்டு, பாறை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். வெடி வைத்துப் பாறையைச் சமப்படுத்தலாம் என்றால் சுற்றிலும் வீடுகள். உளி வைத்துப் பெயர்க்கலாம் என்றால், மேஸ்திரி சொன்ன மாதிரி, பாறையை எடுத்த பிறகு மனை என்று அங்கே எதுவும் மிஞ்சாது.

அன்றைக்குச் சாயந்திரம்தான் நான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். எதையோ தேடப் போய் எதுவோ வந்து விழுந்தது. ஏதோ வெளிநாட்டில், மேடும் பள்ளமுமான தரையில் இரண்டு பக்கமும் பலகையை நிறுத்தி, நடுவில் துணியைத் தூளி மாதிரி தொங்கவிட்டு அதற்குள் கான்கிரீட்டை ஊற்றினார்கள். துணி தரையோடு தரையாகப் படிந்துகொண்டது. சந்தே இல்லை. பில்லருக்கு நீளமாகத் துணிக்குழாய் தைத்து, கம்பிக்கூட்டின்மேல் மாட்டி, மேலேயிருந்து ஊற்றினார்கள்.

நைனா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "துணில கான்கிரீட்டா? வேலை இல்லாத பசங்க."

அம்மா போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "அந்த ஓரத்தைப் பெரிசு பண்ணு. இன்னா தையல் போட்டுருக்காங்கன்னு பாக்கணும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவளும் அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கே மூட்டைக்குத் தேவையான சாக்கு, கயிறு எல்லாம் விற்கிற ஒரு கடையில், பைகளாகத் தைப்பதற்கு முன்னால் சுருளாக வருகிற வெள்ளை பிளாஸ்டிக் சாக்குத் துணி கிடைக்கும். அம்மா அதைப் பட்டுப்புடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையில் முழு பலத்தோடு சாய்ந்தாள். வேர்க்கடலை மூட்டை கட்டத்தான் என்று நினைத்துக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "எத்தினி மூட்டை மல்லாட்டைம்மா?"

"மல்லாட்டை இல்லீங்க. வூடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், நானாவது சரியாகச் சொல்வேன் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சுருளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் நின்றுகொண்டே வந்தோம்.

அம்மா பில்லர்களுக்கு அளவெடுத்த அழகு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பாறை பாறையாக ஏறி, கம்பிக்கூட்டை இடுப்பு அளவு எடுக்கிற மாதிரி சுற்றிப் பிடிப்பாள். மேட்டுப் பக்கம் முழங்கால் உயரம், கீழ்ப்பக்கம் ஆளை விட உயரம். ஒவ்வொன்றுக்கும் தனி உறை. அடியில் பாவாடை மாதிரி விரித்துவிட்டாள், பாறையின்மேல் படிவதற்கு. அந்த விரிப்பின்மேல் மணல் மூட்டைகளை வைத்து அழுத்திக்கொள்ளலாம். மேல் விளிம்பில் கைப்பழக்கத்தில் நாடா கோர்க்கிற மடிப்பு வைத்துவிட்டாள். அதைப் பார்த்து முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நைனாதான் சவுக்கு முட்டின்மேல் ஒரு மரச்சட்டம் அடித்து, அந்த மடிப்புக்குள் நைலான் கயிற்றை விட்டுச் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார். உறை கச்சிதமாகத் தொங்கியது. தலையைக்கூட ஆட்டினார்.

தெரு பூராவும் வேடிக்கை. "பாறைக்குப் பாவாடை கட்றாங்களாமே" என்று கீழ்வீட்டு அத்தை மல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்பாள். "ஆமா, ஜாக்கெட் அடுத்த வாரம்" என்பாள் அம்மா.

மேட்டுப் பக்கத்துக் குட்டைப் பில்லரில்தான் முதலில் ஊற்றினோம். சட்டி சட்டியாகக் கலவை இறங்க இறங்க, துணி மெல்லப் புடைத்து, பாறையின் வளைவோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டுக்கூடக் கீழே ஒழுகவில்லை. துணியின் நெசவு வழியாகத் தண்ணீர் மட்டும் வியர்வை மாதிரி கசிந்தது. மறுநாள் துணியை உரித்தபோது சாக்கின் பின்னல் அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருந்தது. பாறை எங்கே முடிகிறது, பில்லர் எங்கே தொடங்குகிறது என்று நகத்தை வைத்துத் தேட வேண்டும். நைனா உள்ளங்கையால் தடவினார். ஒரு தடவையல்ல.

"பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசான காரியமில்லை. அன்றைக்கு பக்கோடாவும் வந்தது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. வீடு கட்டி முடித்த பிறகு அதில் வாழ்ந்த வருஷங்களை விட, அஸ்திவாரம் போட்ட அந்தக் கொஞ்ச நாள்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது. காலேஜ் விட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக அங்கேதான் போவேன். மத்தியானம் மிச்சமான சோறும் மல்லாட்டைச் சட்னியும் தூக்கில் இருக்கும். சூடு ஆறாத பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரு குரங்கு தினமும் வந்து அம்மாவின் நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நைனா சட்டத்தை மட்டம் பார்ப்பார், அம்மா உறையின் மடிப்பை நீவிவிடுவாள். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். அதுவரை ஒருவர் வேலையை ஒருவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் பேசிக்கொண்டதுகூட என்ன பேச்சு? "இங்க இழு", "கொஞ்சம் தளர்த்து", "போதும்". எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது சாலையோர மூலைப் பில்லர். எல்லாவற்றிலும் உயரமானது அதுதான். அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்துவிட்டது. படிக்குக் கீழே யூனிபார்ம் துணி மலையாகக் குவிந்திருந்தது. அம்மா காலையில் யூனிபார்ம், சாயந்திரம் பில்லர் என்று மிஷினை விட்டு எழாமல் தைத்தாள். அந்த உயரத்துக்கு ஒரே துண்டாகத் துணி போதவில்லை. மூன்று துண்டாக ஒட்டுப் போட்டாள். நடுத்துண்டு மட்டும் அகலமாக வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கத்தரியை எடுத்து ஓரத்தை வெட்டியிருப்பார்கள். அவள் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. விளிம்பில் கெட்டித் தையல் போட்டுவிட்டு, மிச்சத்தை உள்ளே மடித்து, லேசாக ஒரு ஓட்டுத் தையல். வளர்கிற பிள்ளைக்கு விடுகிற மாதிரி.

யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அளவு சரியாக இருந்தது, உறை நேராகத் தொங்கியது, நைனா தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து ஊற்றச் சொன்னார்.

பாதி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுத்துண்டு நிரம்புகிற நேரத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு 'பட் பட் பட்' என்று தொடர்ந்து வந்தது. ஓட்டுத் தையல் அடியிலிருந்து மேலே வரிசையாகத் தெறித்துக்கொண்டு போக, எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பில்லர் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது.

"கிழியுது! கிழியுது!" என்று சட்டி எடுத்து வந்த அக்கா அலறினாள். நைனா சாரத்திலிருந்து குதித்து, பில்லரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கன்னத்தை அதன்மேல் அழுத்தி, காலைப் பாறையில் ஊன்றி, "கயிறு! கயிறு கொண்டா!" என்று கத்தினார். துணி வழியாகக் கசிந்த சிமெண்ட் பால் அவர் சட்டையையெல்லாம் நனைத்து வேட்டியில் இறங்கியது. மேஸ்திரி கயிற்றை எடுத்து, நைனாவையும் சேர்த்துக் கட்டிவிடாமல் ஜாக்கிரதையாகச் சுற்றினார்.

கிழியவில்லை. விளிம்பில் இருந்த கெட்டித் தையல் பிடித்துக்கொண்டது. உள்மடிப்பு எவ்வளவு விட்டிருந்தாளோ அவ்வளவுக்கு உப்பி, அதோடு நின்றுவிட்டது. நைனா மெதுவாகக் கையை எடுத்தார். அப்புறம் சட்டி எடுத்து வந்த அக்காதான் ஆரம்பித்தாள். "பொண்டாட்டியக் கூட இப்படிக் கட்டிப் புடிச்சிருக்க மாட்டாரு நம்ம அண்ணன்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த 'பட் பட்' சத்தம் கேட்டவுடனேயே புரிந்துவிட்டது. அது அவளுக்குப் பழக்கமான சத்தம். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நைனாவும் சிரிக்கவில்லை.

துணியை உரித்த அன்று மேஸ்திரி தட்டிப் பார்த்து, கம்பிக்கூடு நடுவில் சரியாகத்தான் நிற்கிறது, பலம் கூடத்தான் செய்யும், குறையாது என்றார். நைனாவுக்கு பலம் ஒரு விஷயமே இல்லை. "பலகை அடைக்கிறவன் வூட்லயே பில்லர் பிதுங்கிக்கினு நிக்கிது. நாளைக்கி எவன் என்ன நம்பி வேலை குடுப்பான்?" என்றார். உடைக்கலாம் என்று சம்மட்டியைக் கேட்டார். மேஸ்திரி தரவில்லை. "வூடு முடிஞ்சதும் மொத வேலையா அதப் பூசி மூடிடுவேன்" என்று நைனா எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். எனக்கு நைனாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் மற்ற எல்லாப் பில்லரையும் தைத்ததற்கு ஒரே ஒரு 'பரவால்ல'தான், இந்த ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு பேச்சா என்று இருந்தது.

அதற்கு மேலே பீம், தளம் எல்லாம் நைனாவின் தகடு. கோடு போட்ட மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ஜன்னல் கிடைத்தது. மிஷின் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிரகப்பிரவேசம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு நைனா என்னிடம் சொன்னார். "ஒங்கம்மா வூட்ல காத்து நல்லா வருது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒங்கம்மா வூட்டுக் கதவு கிறீச்சிடுகிறது. ஒங்கம்மா வூட்டு ரேஷன் கார்டு எங்கே. கரண்ட் போனால்கூட அது ஒங்கம்மா வூட்டுக் கரண்ட். அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை, ஒரு கட்டத்தில் கேலிக்காகவும் சொல்லவில்லை, நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி நான் திண்டிவனம் போன பிறகு போனில் பேசும்போது, "இன்னும் சொல்லலடி" என்பாள். எதை என்று நான் கேட்க மாட்டேன்.

பூச்சு வேலை மட்டும் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. என் கல்யாணம், பிரசவம், அம்மாவின் முழங்கால் வலி. முழங்கால் வலி வந்த பிறகு அம்மா பாறைப் படிகளில் இறங்கிக் கீழ்ப்பக்கம் போவதே நின்றுபோனது. மேட்டுப் பக்க வாசலோடு சரி. ஊருக்குள் தொப்பை பில்லர் வூடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆட்டோவில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நைனா முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன மழைக்காலம் முடிந்து நான் வந்தபோது, பொங்கலுக்கு நைனாவுக்கு ஒரு சந்தோஷம் கொடுப்போம் என்று தோன்றியது. அவருக்கும் வயதாகிவிட்டது, வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். அவர் ஆசைப்பட்டபடி பில்லர்களைப் பூசி வழவழவென்று ஆக்கிவிடலாம். அம்மாவிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவருக்குப் புடிச்சா செய்யி" என்றாள். மிஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் வைத்திருந்தாள். அதை அழுத்திவிட்டாள், பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக.

பூசுகிற கொத்தனார் காலையில் சிமெண்ட்டோடு வந்துவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு நான் கீழே இறங்கினேன். மழை முடிந்த சமயம் ஆனதால் பில்லர் எல்லாம் கறுத்து, பாசி ஏறி, நெசவுத் தடமே தெரியாமல் கிடந்தது. மூலைப் பில்லர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். யாரோ சுத்தமாகத் தேய்த்திருக்கிறார்கள். தொப்பைக்கு மேலே கீழே என்று ஒரு இடம் பாக்கியில்லை. கயிற்றுத் தடத்துக்குள்கூட அழுக்கில்லை. பக்கவாட்டில் அம்மாவின் கெட்டித் தையல் ஒவ்வொரு பொட்டாக, மேலிருந்து கீழே வரை, நேற்றுத் தைத்த மாதிரி தெரிந்தது. பக்கத்துப் பாறை இடுக்கில் ஒரு தேங்காய் நார்க் கொத்தும் பழைய பெயிண்ட் டப்பாவில் தண்ணீரும் இருந்தன.

நைனா என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். கொத்தனார் சட்டியை இறக்கி வைப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா இது?"

"பூசப் போறோம் நைனா. நீதான சொல்லிக்கினே இருந்த."

"எப்ப சொன்னேன்? அது அப்ப சொன்னது." கொத்தனார் பக்கம் திரும்பினார். "மத்ததெல்லாம் வேணும்னா பூசிக்கோப்பா. இதத் தொடாத."

"ஏன் நைனா? இதுதான ஒனக்கு அசிங்கமா இருந்துச்சி?"

அவர் பில்லரின் பக்கம் போய் நின்றார். உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்தார். "ஒங்கம்மா இந்த ஊருக்குப் பூரா தச்சா. அதுல இன்னிக்கி ஒண்ணாவது இருக்குதா? எல்லாம் கிழிஞ்சி கரித்துணியா பூடுச்சி. இது ஒண்ணுதான் நிக்கிது. இதையும் மூடிட்டா அவ தையலு எங்க இருக்குது, சொல்லு." கொத்தனாரிடம் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார். "எங்க வூட்ல இதுமேல மட்டும் கை வெக்காத. சொல்லிட்டேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வழுக்குகிற பாறையில், இந்த வயதில், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இறங்கி வந்து யாருக்கும் தெரியாமல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை வருஷம் அம்மாவுக்காக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மேலே மோட்டார் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"இன்னா சொன்னாரு? காதுல சரியா வுழல" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். தெருமுனையில் பஸ் திரும்புவதை வைத்தே எந்த பஸ் என்று சொல்வாள். நைனாவுக்கும் அது தெரியும். கீழ்வீட்டு வாசலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார். கையைப் பில்லரிலிருந்து எடுக்காமலே, ஜன்னலைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"எங்க வூடு."